தாடி பிடித்த முனி

சாமியைக் குளிப்பாட்டப் போய், சாமி யாரென்றே தெரியாமல் ஒரு தோட்டமே முழித்துக்கொண்டு நின்ற கதை வேறெங்காவது நடந்திருக்குமா, தெரியவில்லை. பகாங்கு மாநிலத்தில், பிரிஞ்சாங்குக்கு மேலே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்தது. குளிப்பாட்டியவர் பூசாரி செல்வராஜு. மற்ற நாட்களில் ஆலையில் இலை உருட்டும் மெஷினோடு மல்லுக்கட்டுகிறவர். வெள்ளிக்கிழமை வந்துவிட்டால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஏழாம் நம்பர் மலையடியில் இருக்கும் முனியாண்டிக்குப் பூசை போடக் கிளம்பிவிடுவார். அவருடைய அப்பா போட்ட பூசை, அதற்கு முன்னால் தாத்தா போட்ட பூசை.

தகரக் கூரை போட்ட சின்னக் கோயில்தான். சின்னதோ பெரியதோ, அதற்கும் கும்பாபிஷேகம் உண்டல்லவா? முறைப்படி முனியைக் கும்பத்தில் இறக்கியிருந்தார்கள். அதாவது, கல்லில் இருந்த சாமியை மந்திரம் சொல்லிச் செம்புத் தண்ணீருக்குள் வரவழைத்து, மாவிலையும் தேங்காயும் வைத்து, ஓரமாக உட்கார வைத்துவிடுவது. வேலையெல்லாம் முடிந்து அந்தத் தண்ணீரைத் திரும்பக் கல்லின் தலையில் ஊற்றும்வரை சாமி செம்பில் இருப்பார். கல் வெறும் கல். அந்த இடைவெளியில்தான் பூசாரியால் பயமில்லாமல் கல்லைத் தேய்க்க முடியும்.

முனிக்கு ஒரு வெள்ளி முகம் உண்டு. முறுக்கு மீசை, உருட்டிய விழி, நெற்றியில் நீளமாக ஒரு திருநீற்றுக் கோடு. செல்வராஜு பிறப்பதற்கு முன்பே பூட்டியது. அதற்குள் இருக்கும் கல்லைப் பார்த்தவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை. செல்வராஜு, முகத்தைக் கட்டியிருந்த கம்பியை அறுத்து அதைக் கழற்றினார். உள்ளே எண்ணெயும் விளக்குக் கரியும் சந்தனமும் ஒரு விரல் கனத்துக்கு அப்பிக் கிடந்தன. வெந்நீர் ஊற்றி, எலுமிச்சம்பழத்தை அறுத்துத் தேய்த்தார். பக்கத்தில் வாளியோடு நின்றவர் நாகமணி அம்மா. கொழுந்தெடுத்தே முதுகு வளைந்து, வேலையை விட்ட பிறகும் கோயிலை விடாதவர்.

கரி உரிய உரிய உள்ளிருந்து பச்சை கலந்த சாம்பல் நிறம் வந்தது. பிறகு முகம் வந்தது.

உடம்புக்குப் பொருந்தாத பெரிய தலை. வானத்தைப் பார்த்து அண்ணாந்த முகம். பிதுங்கிய கண்கள், அகன்ற மூக்கு, தடித்த உதடு. குந்தி உட்கார்ந்து, இரண்டு கையாலும் தன் தாடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். இத்தனை காலமும் வேட்டி சுற்றியே வைத்திருந்ததால் அவருக்குக் கை இருப்பதே ஒருவருக்கும் தெரியாது. மீசை இல்லை. அரிவாள் இல்லை. முனியின் சாயல் மருந்துக்கும் இல்லை.

போதாக்குறைக்கு, செல்வராஜுவின் நகம் பட்ட இடத்தில் வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது.

"ஐயோ, சாமி கரையுது டா!" என்று நாகமணி அம்மா வாளியைப் போட்டுவிட்டார்.

சத்தம் கேட்டு வந்தார் கோயில் தலைவர் குகனேஸ்வரன். தானா ராத்தாவில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர்தான், ஆனால் எதையாவது ஒழுங்குபடுத்தாமல் அவரால் ஒரு நாள் சும்மா இருக்க முடியாது. கல்லைச் சுற்றி ஒரு முறை நடந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"செல்வராஜு, மனசுல வச்சுக்காதீங்க. இது நம்ம முனி இல்ல. எவனோ செஞ்ச பொம்ம லா இது. சாமி இப்ப எங்க இருக்காரு? கும்பத்துல. கல்லு வெறும் கல்லு. ஈப்போவுல சொல்லி நல்ல முனி சிலை ஒண்ணு எடுத்துட்டு வருவோம். தண்ணிய அது மேல ஊத்திட்டு, இத ஆத்துல விட்டுட்டா முடிஞ்சுது."

"தலைவரே, இது இந்த மலையில தானா வெளைஞ்ச கல்லு. தாத்தா வெட்டும்போது மம்முட்டியில தட்டுப்பட்டது. எல்லாருக்கும் தெரியுமே."

"அப்படியா? அப்ப கல்லு தெரிஞ்ச ஆள் ஒருத்தர் பாக்கட்டும். இந்த மலைக் கல்லுன்னு சொல்லிட்டா நான் வாயைத் தொறக்க மாட்டேன். இல்லைன்னா நான் சொல்ற மாதிரிதான்."

செல்வராஜு தலையாட்டினார். வேறென்ன செய்வது? சாஸ்திரப்படி தலைவர் சொன்னதில் தப்பே கிடையாது.

தாத்தா காலத்தில், ஒரு மழைக்குப் பிறகு ஏழாம் நம்பர் மலை சரிந்து, புதிதாகக் கன்று நடக் குழி வெட்டியபோது கிடைத்த கல் அது. பூமியிலிருந்து வந்ததால் சாமி. தேயிலை வயலோரம் நிறுத்தினார்கள், கொழுந்துக்குக் காவலாக நின்றது. அதோடு ஒரு வழக்கமும் ஒட்டிக்கொண்டது. கொழுந்து சரியாக வராத வருஷத்தில் பெண்கள் கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சியோடு வந்து, முனியை வாய்க்கு வந்தபடி திட்டி, மூன்று அடி போடுவார்கள். "சோறு தின்னத் தெரியுது, காவல் காக்கத் தெரியாதா?" என்று நாகமணி அம்மா கேட்பது கோலா தெர்லா வரைக்கும் கேட்கும். அடி வாங்கிய மறு வாரம் முனிக்குக் கோழியும் சுருட்டும் இரட்டிப்பாகக் கிடைக்கும். குகனேஸ்வரன் தலைவரானதும் இந்தக் காட்டுமிராண்டித்தனம் வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். சுற்றுலாக்காரர்கள் கைப்பேசியில் படம் எடுக்கிறார்களாம்.

செல்வராஜுவுக்கோ அது கல்லும் இல்லை, காவலும் இல்லை, பேச்சுத் துணை. அப்பா செத்த அன்றைக்கு அவர் அழுதது அந்தக் கல்லிடம். மகள் பல்கலைக்கழகம் போனதை முதலில் சொன்னது அந்தக் கல்லிடம். பெண்டாட்டியிடம் சொல்லாததைக்கூட அதனிடம் சொல்லியிருக்கிறார். அதைத் தூக்கி ஆற்றில் போட்டுவிட்டால், இத்தனை வருஷமும் சொன்னதெல்லாம் யாரிடம் சொன்னதாக ஆகும்? நினைக்கவே பயமாக இருந்தது.

கல் தெரிந்த ஆள் என்றால் அந்தப் பக்கத்தில் ஒரே ஆள்தான். லோகேஸ்வரி. மலைச்சரிவு ஆபத்தைச் சோதிக்க அரசாங்கம் தானா ராத்தாவுக்கு மாற்றி அனுப்பிய அதிகாரி. லயத்து வரிசை வீட்டு ஜனங்களுக்கு அவர் 'மண்ணு மேடம்'. செல்வராஜு போய்க் கேட்டதும், ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

கல்லைப் பார்த்ததும் குந்தி உட்கார்ந்து அதன் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்துக் கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு சின்னப் பூதக்கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டிவைத்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்தார்.

"அண்ணே, அடியில ஒரு சொட்டு ஆசிட் விட்டுப் பாக்கலாமா? சலவைக்கல்லா இருந்தா நுரைக்கும். இப்ப இது வெறும் கல்லுதானே?"

"வெறும் கல்லுதான் மேடம்," என்றார் செல்வராஜு. சொன்னது வாய்தான். அவர் கை தானாகவே நீண்டு கல்லின் தோளைப் பிடித்துக்கொண்டது, ஊசி போடும்போது பிள்ளையைப் பிடிப்பதுபோல.

நுரைக்கவில்லை. லோகேஸ்வரி அடிப்பக்கத்தை நகத்தால் மெல்லச் சுரண்டி, வந்த வெள்ளைப் பொடியை அவர் உள்ளங்கையில் வைத்துத் தேய்க்கச் சொன்னார். குழந்தைக்குப் போடும் பவுடர் மாதிரி வழுக்கியது.

"மாக்கல்லுண்ணே. கல்சட்டி செய்வாங்களே, அந்த ஜாதி. அதனாலதான் நகம் பட்டா கோடு விழுது. சாமி கரையல, பயப்படாதீங்க. இந்தக் கல்லே இவ்வளவு மெதுதான்."

"இந்த மலைக் கல்லுதானே?"

லோகேஸ்வரி எதிரே வெட்டிவிட்ட மலைச்சரிவைக் காட்டினார். "இந்த மலை கருங்கல்லு. மினுக்குப் பொடி மினுக்குப் பொடியா இருக்கு பாருங்க, அது இதுல ஒண்ணுகூட இல்ல. இங்க வெளைஞ்சது இல்லண்ணே." செல்வராஜுவின் முகம் விழுந்ததைப் பார்த்து அவசரமாகச் சேர்த்தார். "ரவுப் பக்கம் போனா கொஞ்சம் இந்த மாதிரி வழவழக் கல்லு இருக்கு. அதனால கல்ல மட்டும் வச்சு ஊரு சொல்லிட முடியாது."

"ரவுப்னா பகாங்குதானே மேடம்! நம்ம மாநிலந்தானே!"

லோகேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. "கல்லு ஊரச் சொல்லாதுண்ணே. செதுக்குன கை சொல்லும். இந்தக் கண்ணு, இந்த மூக்கு, அண்ணாந்த தலை... கேஎல் யுனிவர்சிட்டியில என்கூட ஆப்பிரிக்காக்காரர் ஒருத்தர் படிச்சாரு. லன்சானா. சியெரா லியோன். அவரு மேசையில இதே மாதிரி ஒரு படம் ஒட்டி வச்சிருந்தாரு. எனக்கு உடம்பெல்லாம் சிலுத்துப் போச்சு, பாருங்க."

ஆப்பிரிக்கா என்ற சொல்லைக் கேட்டதும், வாசலில் உட்கார்ந்திருந்த நாகமணி அம்மா வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார்.

"ஆப்பிரிக்கா பங்களா," என்றார்.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கி மேலே பார்த்தார்கள். ஏழாம் நம்பர் மலையின் உச்சியில், புதருக்குள், உடைந்த கல்படியும் ஒரு புகைபோக்கியும் மட்டும் நிற்கின்றன. அந்தக் காலத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரை இருந்த வீடு. ஆப்பிரிக்காவில் வேலை பார்த்துவிட்டு வந்த துரையாம். அதனால் அவர் ஆப்பிரிக்கா துரை, அந்த இடம் ஆப்பிரிக்கா பங்களா. லயத்துப் பிள்ளைகள் எல்லாம் "ஆப்பிரிக்கா பங்களாவுக்குப் போறோம்" என்று சொல்லிவிட்டுத்தான் கொய்யாப்பழம் திருடப் போவார்கள். மேலே ஆப்பிரிக்கா, கீழே முனி. இரண்டுக்கும் நடுவில் சரிந்த மலை. தினமும் வாயில் வரும் பெயர், ஒருவருடைய மண்டையிலும் ஏறவில்லை. தோட்டத்துத் துரை அழகுக்கு வைத்திருந்த பொம்மை, மண்ணோடு சரிந்து வந்து சாமியாகியிருக்கிறது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

லோகேஸ்வரி படங்களை லன்சானாவுக்கு அனுப்பினார். பதில் வருவதற்குள் செல்வராஜு இரண்டு நாள் மெஷினில் கை வைக்கத் தெரியாமல் திண்டாடினார். வந்த பதில் ஒரே வரி. யாரும் அதை எங்கும் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், என் மாமாவோடு வீடியோவில் வருகிறேன்.

இங்கே மாலை என்றால் அங்கே காலை. சொன்ன நாளில் கமிட்டி முழுவதும் கோயில் முன்னால் கூடிவிட்டது. வழியில் போன நேப்பாளத் தொழிலாளிகள் இரண்டு பேர்கூட கூடையை இறக்கிவிட்டு நின்றார்கள். லோகேஸ்வரி கைப்பேசியைக் கல்லுக்கு நேராகப் பிடித்தார். திரையில் லன்சானா தெரிந்தார். அவர் பக்கத்தில் குல்லாய் போட்ட ஒரு வயதானவர். பின்னால் பச்சைப் பசேலென்று வயல். மாமா தன் மெண்டே மொழியில் பேச, லன்சானா அதை ஆங்கிலத்தில் சொல்ல, லோகேஸ்வரி தமிழில் சொன்னார். கேள்வி போய்ப் பதில் வருவதற்குள் ஒரு சுருட்டு பிடித்து முடித்துவிடலாம்.

பெரியவர் முதலில் திரைக்கு மிக அருகில் வந்து பார்த்தார். பிறகு கல்லைப் பார்த்து ஏதோ சொன்னார்.

"சௌக்கியமான்னு கேக்குறாரு," என்றார் லோகேஸ்வரி. "நம்மள இல்ல. அதை."

லன்சானா சொன்னது இது. படத்தை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது, ஆனால் எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் இதைப் பார்த்தால் நோமோலி என்றுதான் சொல்வார்கள். நெல்லுக்கு நிலம் வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து கிடைக்கும். பல நூறு வருஷத்துக்கு முந்தியது. எங்கள் ஜனங்கள் செதுக்கியதல்ல. எங்களுக்கு முன்னால் அந்த மண்ணில் இருந்த யாரோ செதுக்கியது. மண்ணிலிருந்து வந்ததால் அதைச் சும்மா விடமாட்டோம். வயலோரம் வைத்து, சோறும் கோழியும் கொடுத்து, பயிருக்குக் காவலாக நிறுத்துவோம்.

செல்வராஜு மனதுக்குள் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். தாத்தாவின் மம்முட்டி. வயலோரம். கோழி. கடலுக்கு அந்தப் பக்கம் அவர் பெயர்கூடக் கேட்டிராத ஒரு மண்ணில், யாரோ ஒருவருடைய தாத்தா இதையே செய்திருக்கிறார். ஒருவரும் ஒருவருக்கும் சொல்லித் தரவில்லை. அவர் நின்ற இடத்திலேயே கையெடுத்துக் கும்பிட்டார். கல்லையா, பெரியவரையா, அவருக்கே தெரியாது.

குகனேஸ்வரன் தொண்டையைச் செருமினார். மனிதர் நியாயஸ்தர், அதுவும் இப்போது வம்பாகத்தான் வந்தது. "அப்ப இது அவங்க பொருள். வெள்ளக்காரன் எப்படிக் கொண்டாந்தானோ. திருப்பித் தரணுமான்னு கேளு மா. கேட்டாதான் முறை."

செல்வராஜு இதை எதிர்பார்க்கவில்லை. ஆற்றில் போவதற்குத்தான் பயந்திருந்தார். ஆப்பிரிக்காவுக்குப் போவதற்குப் பயப்பட வேண்டும் என்று தோன்றியதே இல்லை. ஆனால் கேட்டதும் அது நியாயம் என்றும் பட்டது. நியாயம் என்று பட்டதால் இன்னும் வலித்தது.

கேள்வி கடல் தாண்டிப் போனது. பெரியவர் யோசித்தார். பதிலுக்குப் பதில் ஒரு கேள்வி வந்தது.

"யாரு இதுக்குச் சோறு வைக்கிறதுன்னு கேக்குறாரு."

செல்வராஜு பள்ளிக்கூடத்துப் பையன்போலக் கையைத் தூக்கினார். பெரியவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அடுத்த கேள்வி வந்தது. விளைச்சல் எப்படி?

"இந்த வருசம் மகா மோசம்!" என்று நாகமணி அம்மா நேராகத் திரையைப் பார்த்தே சொன்னார்.

அதற்கு வந்ததைக் கேட்டு லோகேஸ்வரி சற்றுத் தயங்கினார். "வந்து... 'அப்ப அடிச்சீங்களா'ன்னு கேக்குறாரு."

நாகமணி அம்மா குகனேஸ்வரனைத் திரும்பிப் பார்த்தார்.

"அங்கயும் அடிப்பாங்களா?" என்றார் செல்வராஜு.

லோகேஸ்வரி அதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை, செல்வராஜுவின் முகமே கேட்டுவிட்டது. பெரியவர் ஒரு மெல்லிய குச்சியை எடுத்துக் காற்றில் வீசிக் காட்டினார். காவல் காக்காத காவலாளியைப் பின்னே கொஞ்சுவார்களா என்றார்.

குகனேஸ்வரன் தரையைப் பார்த்தார். "நான்தான் வேண்டாம்னு நிறுத்துனேன். அதையும் சொல்லிடு மா."

சொன்னதும் அந்தப் பக்கம் பெரியவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு மட்டும் ஒருவருடைய உதவியும் இல்லாமல் நேராக வந்து சேர்ந்தது. இந்தப் பக்கமும் எல்லோரும் சிரித்தார்கள். நாகமணி அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பிறகு பெரியவர் நிதானமாகப் பேசினார். எங்களுக்கும் இது கிடைத்ததுதான், உங்களுக்கும் கிடைத்ததுதான். செதுக்கியவனை நாங்களும் பார்த்ததில்லை. பட்டினி போட்டிருந்தால் கொண்டு வா என்று சொல்லியிருப்பேன். நீங்கள் சோறும் போட்டிருக்கிறீர்கள், அடியும் போட்டிருக்கிறீர்கள். இருக்கட்டும். ஒன்றே ஒன்றுதான். இது நெல்லுக்குப் பிறந்த கல். உங்கள் செடியைப் பற்றி அதற்கு என்ன தெரியும்? இத்தனை காலம் நெல்லைப் பார்க்காமல் கிடந்திருக்கிறதே. ஒரு பிடி நெல்லை அதன் கண்ணில் காட்டுவீர்களா?

லோகேஸ்வரி சொல்லி முடிக்கவில்லை. செல்வராஜு அவர் கையிலிருந்து கைப்பேசியை வாங்கினார். ஓரமாக இருந்த கும்பத்தின் பக்கம் போய்க் குனிந்து திரையைத் திருப்பிக் காட்டினார். மாவிலை, தேங்காய், செம்பு. செம்புக்கு அடியில் வாழையிலை. இலை நிறைய, கும்பத்தைத் தாங்கிக்கொண்டு, கெடாவிலிருந்து தருவித்த நெல்.

"கும்பத்த நெல்லு மேலதான் வைப்போம். சாமி இப்ப இதுக்குள்ளதான் இருக்காரு," என்றார். "அவரு நெல்லு மேலதான் ஐயா உக்காந்திருக்காரு."

லோகேஸ்வரி சொன்னார். லன்சானா சொன்னார். பெரியவர் தலையிலிருந்த குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

கும்பாபிஷேகத்தன்று நல்ல பனி. கும்பத்தைத் தலையில் வைத்துக்கொண்டு கோயிலை வலம் வந்த செல்வராஜு, கல்லுக்கு முன்னால் வந்ததும் நின்று தலைவரைத் திரும்பிப் பார்த்தார். ஈப்போவுக்குத் தலைவர் போன் போட்டாரா இல்லையா என்று யாரும் கேட்டிருக்கவில்லை.

"என்னைய ஏன் பாக்குறீங்க? ஊத்துங்க," என்றார் குகனேஸ்வரன்.

வெள்ளி முகம் இல்லாத அந்த அண்ணாந்த முகத்தில் தண்ணீர் விழுந்து, பிதுங்கிய கண்களில் நிரம்பி, தாடி பிடித்த கைகள் வழியே இறங்கியது. செல்வராஜு அடியில் கிடந்த நெல்லை இரண்டு கையாலும் அள்ளி அந்த மடியில் கொட்டினார். மந்திரத்தில் சாமியின் ஊர் வரும் இடத்தில், நாக்குத் தடுமாற, சியெரா லியோன் என்று ஒரு முறை சொல்லிவிட்டு, ஏழாம் நம்பர் மலை என்றார்.

தீபாராதனை முடிந்ததும் நாகமணி அம்மா மடியிலிருந்து ஒரு தேயிலைக் குச்சியை எடுத்துத் தலைவரிடம் நீட்டினார். குகனேஸ்வரன் சுற்றும் முற்றும் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் போய், வாத்தியாராக இருந்த காலத்தில்கூட ஒரு பிள்ளையையும் அத்தனை மெதுவாக அடித்திருக்க மாட்டார், மூன்று அடி போட்டார்.

"கொழுந்தப் பாத்துக்க," என்றார்.